ஜெட் லாக் என்ற சொல் எங்கள் வீட்டுக்கு வந்த விதம்

என் தம்பி அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தபோது அப்பா இறந்து பதினான்கு நாள் முடிந்திருந்தது. அறுபதுகளின் பின்பாதி அது. தந்தி அவன் கைக்குக் கிடைத்து, பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்கி, டிக்கெட்டுக்கு அலைந்து, மூன்று விமானம் மாறிச் சென்னையில் இறங்கி, எழும்பூரில் ரயிலேறி அவன் காரைக்குடி ஸ்டேஷனுக்கு வந்த காலையில் அவனைக் கூப்பிடப் போனது நான்தான். மகன் வரும்வரை உடலை வைத்திருக்க அப்போது எங்கள் பக்கம் வழி கிடையாது. சித்தப்பா கொள்ளி வைத்துவிட்டார்.

ரயிலை விட்டு இறங்கியவன் என்னைப் பார்த்து அழவில்லை. "அக்கா, மணி என்ன?" என்று கேட்டான். சொன்னேன். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். அதைத் திருப்பி வைக்கவில்லை. வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டான். எங்கள் ஊர், அரியக்குடிக்கு அங்கிட்டு மூன்று மைல். வீட்டு வாசலில் அம்மா விழுந்து புரண்டு அழுதபோதுதான் அவனை உலுக்கி எழுப்பினேன்.

நானும் அப்போது நிற்கத் தெம்பில்லாமல்தான் இருந்தேன். காரைக்குடியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கான காரணங்கள் இங்கே வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள் டவுனில் ஒரு வாடகை அறையில் இருந்துவிட்டு, சனிக்கிழமை ஊருக்குப் போவேன். அப்பா இறந்த பிறகு அந்த வழக்கமும் போய்விட்டது. துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காபி போட்டதும், பாத்திரம் கழுவியதும், ஒவ்வொருவரிடமும் அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று திருப்பித் திருப்பிச் சொன்னதும்தான் அந்தப் பதினான்கு நாள். தம்பி வந்தால் பாதிப் பாரம் இறங்கும் என்று எண்ணியிருந்தேன்.

வந்த அன்று அவன் தூங்கியதை யாரும் குறை சொல்லவில்லை. "அலுப்பா இருக்கும், எம்புட்டுத் தூரம்" என்றார்கள். அலுப்பு என்றால் எல்லோருக்கும் தெரியும். அறுப்பு முடிந்து வந்தால் அலுப்பு, பழனிக்கு நடந்து போய் வந்தால் அலுப்பு. ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் தீர்ந்துவிடும். எங்களுக்குத் தெரிந்த அலுப்புக்கெல்லாம் அதுதான் மருந்து.

மறுநாள் பதினாறாம் நாள் காரியம். கண்மாய்க் கரையில் மொட்டை போட்டு, பிண்டம் வைத்து, குளித்துவிட்டு வந்தான். அதுவரை தாக்குப்பிடித்தான். வீட்டில் உருமாக்கட்டு. தாய்மாமன் ஊர்முன்னால் புதுத் துண்டைத் தலையில் கட்டி, இனி இந்த வீட்டுக்கு நீதான் என்று சொல்லும் சடங்கு. என் மாமா சிங்கம்புணரியிலிருந்து பட்டுக்கரைத் துண்டும் வேட்டியும் எடுத்து வந்திருந்தார். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. தம்பியை மணையில் உட்கார வைத்து, மாமா துண்டை ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் அவன் தலை தொங்கிவிட்டது. துண்டு அவிழ்ந்து மடியில் விழுந்தது. குறட்டைச் சத்தம் கேட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

மாமா அவன் முகத்தைப் பிடித்துத் தூக்கினார். அவன் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்து, "திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன்" என்று இங்கிலீஷில் சொன்னான். யாரிடம் சொல்வதாக நினைத்தானோ தெரியவில்லை. மாமா அவன் பக்கம் குனிந்தபோது அந்த வாசனை அவருக்கு அடித்திருக்கிறது. மொட்டை போட்ட நாவிதர் முகத்தையும் மழித்திருந்தார். எரிச்சலுக்காகத் தம்பி தன் பெட்டியிலிருந்த, சவரத்துக்குப் பிறகு பூசும் தண்ணீரை எடுத்துப் பூசியிருந்தான். அதில் சாராய நெடி அடிக்கும். எனக்குத் தெரியும், நான் மோந்து பார்த்திருந்தேன். மாமாவுக்கு அது எப்படித் தெரியும்?

"குடிச்சிருக்கான்" என்றார் மாமா. மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

மதுவிலக்கு இருந்த காலம். ஊரில் குடிப்பவர்கள் இருந்தார்கள், ஒளிந்து குடித்தார்கள். அப்பன் காரியத்தன்று குடித்துவிட்டு மணையில் உட்கார்ந்தவன் என்று ஒருவனை அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. துண்டைத் திரும்பவும் கட்டி முடித்தார்கள். மாமா சாப்பிடாமல் கிளம்பினார். அம்மா அவர் பின்னாலேயே தெருமுனை வரை போய், காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சித் திருப்பிக் கூட்டி வந்தாள். ஒரு வாய் சோறு தின்றார். நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை.

அன்றோடு விட்டிருந்தால்கூட மறந்திருப்பார்கள். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் அவன் அதே மாதிரி இருந்தான். பகல் பதினோரு மணிக்குக் கட்டையாய்ச் சாய்ந்தான். எல்லோரும் தூங்கும்போது விழித்துக்கொண்டு முற்றத்தில் நடந்தான். கோழி கூவுமுன் அடுப்பைப் பற்றவைத்து முட்டை பொரித்துத் தின்றான். துக்க வீட்டில் முட்டை. அம்மா அவன் நெற்றியில் திருநீறு பூசி, வேப்பிலை அடிக்கக்கூட ஆள் கூட்டி வந்தாள். "எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்த இடத்தில் தூங்கினான்.

ஐந்தாம் நாள் மாமா மறுபடி வந்தார். அவருடைய பெரிய மகள் தம்பிக்கு என்பது சின்ன வயதிலேயே பேசி வைத்தது. வெளிப்படையாக யாரும் சொல்லாவிட்டாலும் இரண்டு பேருக்கும் அது தெரியும், இரண்டு பேருக்கும் அதில் சம்மதம் என்று எனக்கும் தெரியும். தம்பி ஊருக்கு வந்ததும் நாள் குறிக்கலாம் என்று அப்பாவே சொல்லியிருந்தார். மாமா மனசை ஆற்றிக்கொண்டு அதைப் பேசத்தான் வந்தார். மத்தியானம் பன்னிரண்டு மணி. தம்பி உள்ளே படுத்திருந்தான்.

"எழுப்பு தாயி" என்றார் என்னிடம்.

எழுப்பினேன். தண்ணீர் தெளித்தேன். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அவன் கண் சிவந்திருந்தது, நாக்குக் குழறியது. "அக்கா, அப்புறமா... அப்புறமா வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டுச் சரிந்தான். வாசற்படியில் நின்ற மாமா அதைக் கேட்டுவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மூன்று மாதத்தில் மகளைப் புதுக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்தார். கல்யாணப் பத்திரிகை தபாலில்தான் வந்தது.

தம்பி அதற்கு முன்பே திரும்பிவிட்டான். போகும்போது, "நான் குடிக்கலைன்னு நீயாவது நம்புறியாக்கா?" என்று கேட்டான். நம்புகிறேன் என்றேன். உண்மையில் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. குடிக்கவில்லை என்றால் அது என்ன? மூன்று நாள் பயணத்துக்குப் பத்து நாள் தூக்கமா? அப்பா போனதில் மூளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா? அந்தக் கேள்விகளைக் கேட்கும் தெம்பு எனக்கும் இல்லை, பதில் சொல்லும் தெம்பு அவனுக்கும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, பள்ளியில் ஆசிரியைகள் அறையில், யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். விடைத்தாள் திருத்திக் கை ஓய்ந்துபோன மத்தியான வேளை. ஒரு பக்கத்தில் 'ஜெட் லாக்' என்று தலைப்பு. ஜெட் தெரியும். லாக்? அகராதியை எடுத்தேன். பின்தங்குதல் என்றிருந்தது. அதற்குக் கீழே கொச்சை வழக்கில் பழைய கைதி என்றும் போட்டிருந்தது. விமானத்தில் போகும் கைதியா என்று குழம்பிக்கொண்டேதான் கட்டுரையைப் படிக்க ஆரம்பித்தேன்.

ஜெட் விமானத்தில் கிழக்கிலோ மேற்கிலோ வெகுதூரம் பறப்பவர்களின் உடம்பு, புறப்பட்ட ஊரின் நேரத்திலேயே நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தார்கள். புது ஊரின் பொழுதுக்கு அது வந்து சேர ஒரு வாரமாகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை பகலில் தாங்கமுடியாத தூக்கம், இரவில் விழிப்பு, வேளைகெட்ட பசி, பேச்சில் தடுமாற்றம். விரலை விட்டு எண்ணிப் பார்த்தேன். தம்பி இருந்த ஊருக்கும் எங்களுக்கும் பதினொன்றரை மணி வித்தியாசம். உருமாக்கட்டு நடந்த உச்சிவேளை அவன் உடம்புக்கு நடுராத்திரி. மாமா பெண்ணைப் பற்றிப் பேச வந்ததும் நடுராத்திரிக்குத்தான்.

அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். தலைமையாசிரியையான சிஸ்டர் உள்ளே வந்து பார்த்துவிட்டார். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சு படித்தவர். நடந்ததை அவரிடம் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லாமல் கட்டுரையை வாங்கிப் படித்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

"ஜெட்டுங்கிறது எங்க வார்த்தைதான் டீச்சர். ஜெத்தேன்னா எறியிறது" என்றார். "பாரிசில இருக்கிற என் அண்ணன் இதைத் தெக்கலாழ் ஒரேர்னு எழுதுவார். வண்டிச் சக்கரத்துக்கு அடியில கல்லு முட்டுக் கொடுப்போமில்ல? அதை உருவிட்டா வண்டி நகர்ந்து சாயும். தெக்கலாழ்ங்கிறது அப்படி முட்டுக்கல்லை எடுக்கிறதுலேர்ந்து வந்தது. ஒரேர்னா நேரம். நேரத்துக்குக் கொடுத்திருந்த முட்டுக்கல்லை எடுத்துட்டாங்கன்னு வச்சுக்குங்க."

"தமிழில் என்ன சொல்லலாம் சிஸ்டர்?"

"அதை நீங்கதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

இங்கிலீஷ் சொல்லும் பிரெஞ்சுச் சொல்லும் எனக்குப் போதவில்லை. மாமாவிடம் எதைச் சொன்னால் அவருக்குப் புரியும் என்பதுதான் கவலை. விமானக் களைப்பு என்று எழுதிப் பார்த்தேன். களைப்பு என்றால், "களைப்புன்னா ஒரு நாள்ல போயிருமே" என்பார். அசதி, சோர்வு, மயக்கம் என்று ஒவ்வொன்றாக அடித்தேன். மயக்கம் என்றால் குடி மயக்கம் என்பார். கடைசியில் சொல் எதுவும் இல்லாமல், பத்திரிகையை மட்டும் பையில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கம்புணரிக்குப் பஸ் ஏறினேன்.

மாமா தென்னந்தோப்பில் மட்டை உரித்துப்போட்ட இடத்தில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு வருடத்தில் நன்றாகத் தளர்ந்திருந்தார். "வா ஆத்தா" என்றார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் பத்திரிகையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"இங்கிலீசுல பேரு வச்சுட்டா எல்லாம் சரியாப் போயிருமா?" என்றார். "நானும் சின்ன வயசுல மலாயா போய் வந்தவன்தானே. ஈப்போவுல செட்டியார் கடையில ஆறு வருசம் இருந்தேன். திரும்பி வந்த மறுநாளே ஏரைப் பிடிச்சேன். எனக்கு ஏன் இந்தச் சீக்கு வரல?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, "எத்தனை நாளுல போனீக மாமா?" என்று கேட்டேன்.

"நாகப்பட்டினத்துல ஏறி ஏழு நாளு."

"அங்கிட்டு மணி வித்தியாசம் உண்டா?"

"ஏன் இல்லாம? அவுகளுக்கு ரெண்டு மணி முந்தி."

"அந்த ரெண்டு மணிய நீங்க எங்க வச்சு மாத்துனீக?"

மாமா கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்தார். "கப்பல்லயே மாத்திருவாக. தெனம் மத்தியானம் மணியடிச்சு, கடிகாரத்தை இம்புட்டுத் தள்ளி வையிங்கன்னு சொல்லுவாக. கொஞ்சங் கொஞ்சமா. எறங்கும்போது சரியா இருக்கும்."

"அவன் பதினொன்றரை மணிய ஒரே மூச்சுல தாண்டி வந்திருக்கான் மாமா."

தேங்காய் மட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "போறப்ப மூணு நாள் நான் கப்பல்ல எந்திரிக்கவே இல்ல தாயி. வாந்தி, தலை சுத்து, வாய் கொளறுது. ஒரு மலாய்க்காரன் என்னையக் காட்டி 'மாபுக், மாபுக்'குனு சிரிச்சான். அவுக பாசையில குடிச்சுக் கிடக்கிறவனுக்கும் மாபுக்குதான், கடலு ஒத்துக்காதவனுக்கும் மாபுக்குதான். எனக்கு அது அப்பத் தெரியல. குடிகாரன்னு சொல்றான்னு நெனச்சு, தட்டுத்தடுமாறி எந்திரிச்சுப் போய் அவன் சட்டையப் பிடிச்சேன். தொட்டது கூட இல்லையடா, என்னைய எப்படிச் சொல்லலாமுன்னு."

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம், "எம்மகளைக் கட்டிக் குடுத்துட்டேனே" என்றார்.

நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். ஜெயித்தது போன்ற எண்ணம் எதுவும் எனக்கு இல்லை. பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஊர் வந்து சேர்ந்தேன்.

தம்பிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. அவனுக்கு அந்தச் சொல் முன்பே தெரிந்திருந்தது. இப்போது அங்கே எல்லோர் வாயிலும் அதுதானாம். நினைத்தபோதெல்லாம் விமானத்தில் பறந்து திரியும் பணக்காரர்களை ஜெட் கூட்டம் என்று கேலி செய்வார்கள், அவர்களுக்கு வரும் சீக்கு என்றுதான் பத்திரிகைக்காரர்கள் இந்தப் பெயரை முதலில் விளையாட்டாக எழுதினார்கள், குடித்த மறுநாள் தலையிடியோடு அதை ஒப்பிட்டார்கள் என்று கூட வேலை செய்யும் ஒருவர் சொன்னாராம். 'ஆக, மாமா சொன்னதும் அவர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்' என்று எழுதியிருந்தான். அவன் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜப்பான்காரர் இதை 'ஜிசா போக்கே' என்பாராம். ஜிசா என்றால் நேர வித்தியாசம். போக்கே என்றால் வயதானவர்களுக்குப் புத்தி மங்கிப்போவது. 'எனக்கு இதுதான் பொருத்தமாகப்படுகிறது. அக்கா, இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு இனி நாம் என்ன செய்வது?' என்று கேட்டிருந்தான்.

அவன் மறுபடி வந்தது எழுபதுகளின் நடுவில். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தினமும் காரைக்குடிக்குப் பஸ்ஸில் போய்ப் பாடம் நடத்திவிட்டு, வந்து அம்மாவைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி நான் பாதியாகியிருந்தேன். தம்பி அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, அது ஒத்துவராமல் பிரிந்திருந்தான். தலை முன்பக்கம் வழுக்கையாகியிருந்தது. வந்த மறுநாள் காலையிலேயே அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாயில் படுத்துத் தூங்கிப்போனான்.

காலை பத்து மணிக்கு மாமா வந்தார். அத்தனை வருடத்துக்குப் பிறகு எங்கள் வாசலை அப்போதுதான் மிதித்தார். நான் எழுப்பப் போனேன். "எழுப்பாத, நான் இருக்கேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று. சாப்பிடக் கூப்பிட்டேன். அவன் எழுந்த பிறகு சாப்பிடுகிறேன் என்றார். அம்மா அசைக்க முடிந்த ஒரு கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டாள். வாய் கோணிப்போனதால் அவள் பேச்சு எனக்கு மட்டும்தான் விளங்கும். "பச்சப்புள்ளைக்கு இருக்கிற மாதிரி இவனுக்குப் பொழுது மாறிக் கிடக்கு. விட்டுருங்க" என்றாள். மாமாவிடம் அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பொழுது மாறிக் கிடக்கிறது. அகராதியும் சிஸ்டரும் ஜப்பான்காரரும் சொன்னதை அம்மா எதையும் படிக்காமல் சொல்லிவிட்டாள். எனக்கு அப்போது வியக்கக்கூடத் தெம்பில்லை. மாமாவுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தேன்.

நான்கு மணிக்குத் தம்பி எழுந்தான். எதிரே மாமாவைப் பார்த்ததும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றான்.

"உக்காருங்க மாப்ள" என்றார் மாமா. "அன்னைக்கு நான் சபையில சொன்னது தப்பு. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"விடுங்க மாமா. முதல்ல கப்பல்ல போனவன், எனக்கே தெரியாதே என்ன வந்துச்சுன்னு. எனக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருச்சோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். அந்தப் பயத்துலதான் அவசரமாக் கிளம்பிப் போனேன்."

இதை அவன் என்னிடமும் சொன்னதில்லை. நான் அம்மாவின் தலையணையைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி கேட்டான்: "அவ நல்லா இருக்காளா மாமா?"

"இருக்கா. ரெண்டு பையன். மாப்பிள்ளைக்கு மின்சார ஆபீசுல வேலை."

"சரி மாமா" என்றான்.

மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். மாலை நாலரை மணிக்கு மத்தியானச் சாப்பாடு. குழம்பு ஆறிப்போயிருந்தது. மாமா இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். இருட்டுவதற்குள் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று கிளம்பினார். தம்பி அவரோடு ரோடு வரைக்கும் நடந்து போனான்.

அவன் ஒரு மாதம் இருந்தான். பத்து நாளைக்கு மேல் அவனுக்குப் பொழுது சரியாகிவிட்டது. அதன்பிறகு காலையில் அம்மாவைக் குளிப்பாட்டுவதை அவன் எடுத்துக்கொண்டான். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, "நீ படுத்துக்கக்கா" என்று சொல்லி என் அறைக் கதவை வெளியிலிருந்து சாத்தினான். விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முற்றத்தில் துவைத்த துணிகளைக் கொடியில் காயப் போட்டிருந்தான். சேலைகளைக் கோணல்மாணலாகப் போட்டிருந்தான். நான் அவற்றைத் திருத்தாமல் மறுபடி போய்ப் படுத்துக்கொண்டேன்.